மண்டை அளந்த கதை

'மண்டையில மசாலா இருக்கா, களிமண்ணு இருக்கா?'ன்னு கேக்காத வாத்தியார் எங்க மதுரைப் பக்கம் இருக்கவே முடியாது. கேட்ட வாத்தியார் யாரும் திறந்து பார்த்ததில்லை. ஆனா திறந்தும், திறக்காமலும், கடுகு கொட்டியும், இரும்புக் கவையை வச்சுப் பிடிச்சும் அளந்தே தீருவோம்னு ஒரு கோஷ்டி இருநூறு வருஷமா அலைஞ்சிருக்கு. அதுல நம்ம ஊரு மண்டைகளும் மாட்டியிருக்கு. இன்னிக்கு எம்.ஆர்.ஐ. மெஷினுக்குள்ள படுக்கிற ஒவ்வொருத்தர் தலைக்கும் அந்தப் பழைய கணக்குல ஒரு பாக்கி இருக்கு. அதைப் பத்தித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், டீ போட்டுட்டு வந்து உக்காருங்க.

கதை அமெரிக்காவுல பிலடெல்பியாவுல ஆரம்பிக்குது. சாமுவேல் மார்ட்டன்னு ஒரு டாக்டர். உலகம் முழுக்க இருந்து மண்டையோடுகளை வரவழைச்சு சேர்த்தவர். ஒவ்வொரு ஓட்டுலயும் கடுகு மாதிரி விதையை நிரப்பி, அப்புறம் அதை அளவுக் குடுவையில கொட்டி, 'இத்தனை கன அங்குலம்'னு எழுதி வைப்பார். விதை சில சமயம் அமுங்குது, சில சமயம் அமுங்கலைன்னு பிற்பாடு ஈயக் குண்டுக்கு மாறினார். 1839-ல வந்த அவரோட பெரிய புத்தகத்துல இனவாரியா சராசரிப் பட்டியல் போட்டிருக்கார். வெள்ளையருக்கு 87 கன அங்குலம், ஆப்பிரிக்கருக்கு 78, மத்தவங்க நடுவுல. நம்ம கணக்குல 87-ன்னா கிட்டத்தட்ட 1425 மில்லி.

இதுல நமக்கு வேண்டிய சங்கதி அடியில ஒளிஞ்சிருக்கு. மார்ட்டன் வகைப்பாட்டின்படி இந்தியர்களும் வெள்ளையர் பிரிவுலதான் வருவாங்க. அவர்கிட்ட இருந்த இந்து மண்டையோடுகள் 17. அதோட சராசரி 75 கன அங்குலம், அதாவது 1230 மில்லி சொச்சம். பதினேழையும் சேர்த்தா வெள்ளையர் சராசரி இறங்கிடும். அதனால மூணே மூணை மட்டும் சேர்த்துக்கிட்டார். ஒளிச்சு மறைச்சு செய்யலை. இந்த மக்களோட மண்டை ரொம்பச் சின்னது, அதனாலதான் மூணோட நிறுத்திக்கிட்டேன்னு புத்தகத்துலயே எழுதிட்டார்! மொத்தம் 52 ஓடுகள்ல மூணு இந்து. மீதி 14-ஐயும் சேர்த்து நீங்களே கூட்டி வகுத்துப் பாருங்க, 87 இறங்கி 84 சொச்சத்துக்கு வந்துடும். மத்த பிரிவுகளோட இருந்த இடைவெளி அங்கேயே பாதி காலி.

1981-ல ஸ்டீபன் ஜே கூல்ட் இதைத் தோண்டி எடுத்து ஒரு புத்தகமே எழுதினார். மார்ட்டன் தன்னை அறியாம கணக்கை வளைச்சுட்டார்னு வாதம். 2011-ல வேற ஒரு குழு பாதி ஓடுகளை மறுபடி அளந்து பார்த்துட்டு, மார்ட்டன் அளந்ததெல்லாம் பெரும்பாலும் சரிதான், கூல்ட்தான் அவசரப்பட்டுட்டார்னு சொன்னாங்க. அந்தச் சண்டை இன்னும் ஓயலை. எனக்கு அதுல பெரிய அக்கறையும் இல்லை. அளந்தது சரியாவே இருக்கட்டுமே. யாரைச் சேர்க்கிறது, யாரை விடுறதுங்கிறதை ஈயக் குண்டு முடிவு பண்ணலையே. இன்னொன்னு, கூல்ட் சொன்னதுல ஆணியடிச்ச மாதிரி நிக்கிற விஷயம் இது: உடம்பு சின்னதா இருந்தா தலையும் சின்னதா இருக்கும். ஆம்பளை, பொம்பளை எத்தனை பேரு, ஆளு குட்டையா நெட்டையான்னு எதையும் பார்க்காம தலையை மட்டும் அளந்தா அது என்ன கணக்கு? அந்தக் கணக்குப்படி நம்ம எல்லாரையும் விட யானைதான் புத்திசாலி. (அந்த மண்டையோடுகளை வச்சிருக்கிற பென்சில்வேனியா பல்கலைக்கழக அருங்காட்சியகம் 2021-ல பகிரங்கமா மன்னிப்புக் கேட்டது, அது தனிக் கதை.)

'அளவு வேண்டாம்ப்பா, வடிவத்தைப் பார்ப்போம்'னு சொன்னவர் ஸ்வீடன்காரர் ஆன்டர்ஸ் ரெட்சியஸ். 1840-கள்ல. தலையோட அகலத்தை நீளத்தால வகுத்து நூறால பெருக்கு. 75-க்குக் கீழே வந்தா நீளத் தலை, 80-க்கு மேலே போனா உருண்டைத் தலை. வகுத்துட்டதால பெரிய தலை, சின்னத் தலைங்கிற பஞ்சாயத்து தானா போயிடுது. யோசிச்சுப் பார்த்தா, தலை அளவு வித்தியாசத்தைக் கணக்குல கழிக்கிறதுக்குப் போட்ட முதல் முயற்சிகள்ல இது ஒண்ணு. நல்ல யோசனைதான். என்ன பண்ண, அளவு போய் வடிவம் வந்துச்சு, அந்த வடிவத்துக்கு மேல இனம், சாதி, உசத்தி, தாழ்த்தி எல்லாம் ஏறி உக்காந்துருச்சு.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். எட்கர் தர்ஸ்டன். 1885-ல இருந்து 1908 வரைக்கும் மெட்ராஸ் அரசு அருங்காட்சியகத்தோட கண்காணிப்பாளர். எழும்பூர் மியூசியம் போறவங்க அங்க இருக்கிற தஞ்சாவூர் தந்த வளரியை ஒரு தடவை பார்த்துட்டு வாங்க. சிவகங்கை, மதுரைப் பக்கத்து ஆளுங்களுக்கு அதைப் பார்த்தா மயிர்க்கூச்செறியும். தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியோட சேர்ந்து 1909-ல வெளியிட்ட 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு பெரிய தொகுதி. கள்ளர் பத்தின கட்டுரையில வளரி பத்தி எழுதியிருப்பார். கல்யாணச் சடங்கு, பழமொழி, குலதெய்வம்னு படிச்சா கீழே வைக்க மனசு வராது. அப்படிப் படிச்சுக்கிட்டே வர்றப்ப நடுவுல திடீர்னு ஒரு வரி வரும்: சராசரி உயரம், தலை நீளம், தலை அகலம், மூக்கு நீளம், மூக்கு அகலம். சாப்பாட்டுல கல்லு கடிச்ச மாதிரி இருக்கும்.

மனுஷன் காலிப்பரும் டேப்பும் தூக்கிக்கிட்டு மலை, காடுன்னு அலைஞ்சிருக்கார். தோல் நிறம் பார்க்க ஒரு கண்ணாடிக் கருவி, பிடி பலம் பார்க்க இன்னொரு கருவி. இந்தக் கருவிகளைப் பார்த்து ஜனங்க பட்ட பாட்டை அவரே சிரிச்சுக்கிட்டே எழுதியிருக்கார். சேர்வராயன் மலையில, நிலத்தைப் புடுங்கிக்கிட்டு அந்தமானுக்கு அனுப்பப் போறாங்கன்னு மலையாளிங்க பயந்தாங்களாம். பணியர் பொம்பளைங்க, தங்கள்ல அழகானவங்களைப் பிடிச்சு பஞ்சு அடைச்சு மியூசியத்துல நிக்க வைக்கப் போறாருன்னு ஓடிட்டாங்களாம். தர்ஸ்டனுக்கு அது வேடிக்கை. எனக்கு என்னமோ ஓடினவங்கதான் விவரமானவங்கன்னு தோணுது :)

ஏன்னா அந்தக் காலிப்பர் மியூசியத்தோட நிக்கலை. போலீஸ்காரங்களுக்கும் அந்த அளவெடுப்பைச் சொல்லிக் குடுத்திருக்கார். பாரீஸ்ல பெர்ட்டியோன்ங்கிறவர் 1880-கள்ல கண்டுபிடிச்ச முறை அது: கைதியோட தலை நீளம், தலை அகலம், விரல் நீளம்னு பத்துப் பதினோரு அளவு எடுத்து வச்சுக்கிட்டா மறுபடி மாட்டும்போது பேரை மாத்திச் சொன்னாலும் கண்டுபிடிச்சிடலாம். நடைமுறையில ஒரு சிக்கல். ஒரே தலையை ரெண்டு ஏட்டு அளந்தா ரெண்டு நம்பர் வரும். ஒருத்தர் கவையை இறுக்கிப் பிடிப்பார், இன்னொருத்தர் முடி மேலேயே வச்சு அளப்பார். அளவு தப்பினா ஆளும் தப்பிச்சான். அதனால கல்கத்தாவுல 1897-லேயே தலையை விட்டுட்டு விரல் ரேகைக்கு மாறிட்டாங்க. உலகத்துலயே முதல் ரேகை பீரோ அதுதான்.

அதுக்கு அப்புறம் மதுரையில என்ன ஆச்சுன்னு உசிலம்பட்டிப் பக்கம் போய் யாரையும் கேளுங்க. 1911-ம் வருஷத்துக் குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு அங்க யாரும் அந்தப் பேரைச் சொல்ல மாட்டாங்க, 'ரேகைச் சட்டம்'ம்பாங்க. ஊரோட ஆம்பளைங்க எல்லாரும் வந்து ரேகை வைக்கணும், ராத்திரியில ஸ்டேஷன்ல படுக்கணும். மாட்டோம்னு நின்ன பெருங்காமநல்லூர்ல 1920 ஏப்ரல் 3-ம் தேதி துப்பாக்கிச் சூடு. மாயக்காள்னு ஒரு பெண்ணும் செத்தவங்கள்ல உண்டு. சட்டம் ஒழிய 1947 ஆச்சு. தலைப்புக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்னு கேக்காதீங்க. ஒரு கூட்டத்தை ஒரே சராசரியாப் பார்த்து, அந்தச் சராசரியை ஒவ்வொரு தனி ஆள் தலையிலயும் கட்டுறதுக்குப் பேருதான் அந்தச் சட்டம். மண்டை அளந்தவங்க காகிதத்துல செஞ்சதை இவங்க தாலுகாவுல செஞ்சாங்க.

பக்கத்து ஆதிச்சநல்லூர்லயும் இதே கூத்து கொஞ்சம் நடந்துச்சு. அலெக்சாண்டர் ரீ 1899-ல இருந்து தோண்டினப்ப தாழிகள்ல மண்டையோடுகள் கிடைச்சது. அதுல நல்ல நிலையில இருந்த ஒண்ணு ரெண்டை 1930-ல சக்கர்மேன் அளந்து எழுதினார். ஒண்ணு ஆஸ்திரேலியப் பழங்குடிச் சாயல், இன்னொண்ணு மத்தியதரைக்கடல் சாயல்னு முடிவு. ஒண்ணு ரெண்டு ஓட்டை வச்சு தாமிரபரணிக் கரையோட மொத்த பூர்வீகத்தையும் எழுதிட்டா, அப்புறம் நம்ம ஆளுங்க சும்மா இருப்பாங்களா? இன்னைக்கு வரைக்கும் மேடையில பேசிக்கிட்டு இருக்காங்க.

இந்த இருட்டுக்குள்ள ஒரு நல்ல வெளிச்சமும் வந்துச்சு, அதையும் சொல்லணும். கல்கத்தாவுல மஹலனோபிஸ். இயற்பியல் வாத்தியார். 1920-ல நாக்பூர் அறிவியல் மாநாட்டுல விலங்கியல் ஆய்வகத்து அன்னன்டேல், ஆங்கிலோ-இந்தியர்களோட உடலளவுப் பட்டியல் ஒண்ணைக் குடுத்து 'இதை என்னன்னு பார்த்துச் சொல்லுங்க'ன்னார். நம்ம நாட்டுப் புள்ளியியலே அங்கேதான் புறப்படுதுன்னு சொன்னா மிகையில்லை. மண்டை அளவையும் மூக்கு அளவையும் உத்துப் பார்க்கப் பார்க்க அவருக்கு ஒண்ணு உறுத்தியிருக்கு. நெட்டையான ஆளுக்குக் கை நீளம், கால் நீளம், தலையும் கொஞ்சம் பெருசு. இதையெல்லாம் நாலு தனித்தனி வித்தியாசம்னு எண்ணினா ஒரே ஆளை நாலு தடவை எண்ணின கதை. ஒண்ணுக்கொண்ணு ஒட்டிக்கிட்டு வர்ற பங்கைக் கழிச்சுட்டு, மிச்சம் எவ்வளவு தூரம்னு பார்க்கணும். அதுதான் 1936-ல அவர் எழுதின டி-ஸ்கொயர், மஹலனோபிஸ் தூரம். இன்னைக்கு வங்கி மோசடியைக் கண்டுபிடிக்கிறதுல இருந்து மூளை ஸ்கேன்ல 'இது வழக்கத்துக்கு மாறா இருக்கே'ன்னு கொடி காட்டுறது வரைக்கும் அந்தச் சூத்திரம் ஓடிக்கிட்டு இருக்கு. வங்காளத்து மக்களை ரிஸ்லி அளந்த அளவுகளையும் மஹலனோபிஸ் 1930-கள்ல திரும்பச் சரிபார்த்து, அச்சுல இருந்த முரண்பாடுகளைப் பொறுமையா எடுத்துப் போட்டார். மூக்கு நீளத்துல சாதி வரிசையைப் பார்த்த ரிஸ்லிக்கு அந்தப் பொறுமை இருந்திருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். மஹலனோபிஸோட சீடர் சி.ஆர்.ராவ் (2023-ல 102 வயசுல காலமானார்) கேம்பிரிட்ஜ் போனதே சூடான்ல கிடைச்ச பழைய எலும்புகளை இந்த முறையில ஆராயத்தான்.

நிற்க. இப்ப ஸ்கேன் மெஷினுக்கு வருவோம்.

எம்.ஆர்.ஐ. வந்ததும் உயிரோட இருக்கிற ஆளோட மூளையை மில்லி மில்லியா அளக்க முடிஞ்சுது. ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ்னு ஒரு பகுதி, ஒரு பக்கத்துக்கு மூணு நாலு மில்லிதான் இருக்கும். மறதி நோய்ல முதல்ல சுருங்கற இடங்கள்ல அது ஒண்ணு. சரி, ஒருத்தருக்கு 2.8 மில்லி இருக்கு. சுருங்கிடுச்சா, இல்ல பிறவியிலேயே அந்த ஆளுக்கு அவ்வளவுதானா? படம் பார்த்தா தெரியாது. பழைய படமும் இருக்காது. நம்ம ஊர்ல முப்பது வயசுல யாரு சும்மா போய் ஸ்கேன் எடுத்து வச்சிருக்கா?

இதுக்கு டாக்டர்கள் கண்டுபிடிச்ச வழி ரொம்ப அழகு. கொப்பரைத் தேங்காய் ஞாபகம் இருக்கா? காய்ஞ்சதும் உள்ள பருப்பு சுருங்கி, ஆட்டினா கடகடன்னு சத்தம் வரும். ஆனா சிரட்டை சுருங்காது. சிரட்டையை அளந்தா, காய் பச்சையா இருந்தப்ப பருப்பு எவ்வளவு இருந்திருக்கும்னு ஒரு மாதிரி சொல்லிடலாம். மண்டையோடும் அதேதான். வளர்ந்து முடிஞ்சப்புறம் ஓடு மாறுறதில்லை, உள்ள மூளைதான் வயசாக ஆக குறையுது. அதனால ஸ்கேன்ல ஓட்டுக்குள்ள மொத்தக் கொள்ளளவை அளந்து, அதோட ஒப்பிட்டுத்தான் ஹிப்போகேம்பஸ் சின்னதா பெருசான்னு சொல்லணும். மார்ட்டன் கடுகு கொட்டி அளந்தாரே, அதே கொள்ளளவுதான்! அவர் அதை விடையா எடுத்துக்கிட்டார். இவங்க அதைக் கழிக்க வேண்டிய தொகையா எடுத்துக்கிட்டாங்க.

எப்படிக் கழிக்கிறதுங்கிறதுலதான் முப்பது நாப்பது வருஷமா வாக்குவாதம். சுலபமான வழி வகுத்தல். பகுதியை மொத்தத்தால வகு, சதவீதம் வந்துடும். ரெட்சியஸ் வகுத்த மாதிரியே. ஆனா வகுத்தா ஒரு இடத்துல இடிக்கும். வீட்டு உதாரணத்துல சொல்றேன். செல்லூர்ல 800 சதுர அடி வீடு, அதுல அடுப்படி 80. பத்து சதவீதம். அண்ணாநகர்ல 3000 சதுர அடி பங்களா, அதுல அடுப்படி 300-ஆ இருக்கும்? 150 இருந்தாலே பெருசு. அது அஞ்சு சதவீதம். சதவீதத்தைப் பார்த்தா, பங்களாவுல அடுப்படி சுருங்கிப் போச்சுன்னு ஆயிடும். மூளையிலயும் இப்படித்தான். தலை பெருசாக ஆக எல்லாப் பகுதியும் ஒரே விகிதத்துல பெருசாகாது. ஒயரிங் மாதிரி இருக்கிற வெண்பொருள் வேகமா கூடும், சாம்பல் பொருள் அவ்வளவு கூடாது. ஆக, வெறும் வகுத்தல் பெரிய தலைக்காரருக்கு இல்லாத நோயைக் குடுக்கும், சின்னத் தலைக்காரரோட நோயை மறைக்கும். வகுக்காமலே விட்டா நேர் எதிர்.

ரெண்டாவது வழி, தெருவுல இருக்கிற எல்லா வீட்டையும் அளந்து ஒரு கோடு போடுறது. இந்த அளவு வீட்டுக்கு அடுப்படி சராசரியா இவ்வளவு இருக்கும்னு கோடு சொல்லும். உங்க வீட்டு அடுப்படி கோட்டுக்கு எவ்வளவு மேலே, எவ்வளவு கீழேன்னு பார்த்தா போதும். மேயோ கிளினிக்ல கிளிஃபோர்ட் ஜாக் குழு 1989-லயே ஹிப்போகேம்பஸுக்கு இதைச் செஞ்சு காட்டினாங்க. 1993-ல மாதலான் குழு, எந்த வழி எப்போ ஏமாத்தும்னு விவரமா எழுதினாங்க. இன்னைக்குப் பெரும்பாலான ஆய்வுகள்ல ஓடுறது இந்தக் கோட்டு வழி, இல்லன்னா அதோட தம்பிமார்கள்.

எல்லாம் சரி. கோடு போட்ட தெரு எந்தத் தெரு? அண்ணாநகர்ல போட்ட கோட்டை செல்லூருக்குக் கொண்டு வந்தா?

இங்கதான் என் அத்தை கதை வருது. 74 வயசு, நாலடி எட்டங்குலம், திருமங்கலம் தாண்டி ஒரு கரிசக்காட்டு ஊர்ல பஞ்ச காலத்துல கூழு குடிச்சு வளர்ந்த உடம்பு. ரெண்டு வருஷமா மறதி. அடுப்புல பாலை வச்சுட்டு மறக்கிறது போக, பேத்தி பேரையே மறக்க ஆரம்பிச்சப்ப பயந்து போய் மதுரையில ஸ்கேன் எடுத்தோம். ரிப்போர்ட்டோட கம்ப்யூட்டர் போட்ட படம் ரெண்டு பக்கம். முதல் பக்கத்துல ஒரு வளைகோடு, அதுக்கு ரொம்பக் கீழே சிவப்புப் புள்ளி. மாமா அதைப் பார்த்ததும் உக்காந்துட்டார். நரம்பு டாக்டர் வயசானவர், நிதானமானவர். முதல் பக்கத்தைத் திருப்பி வச்சுட்டு ரெண்டாம் பக்கம் பார்த்தார். அதுல மண்டை அளவைக் கழிச்சுப் போட்ட நம்பர் இருந்துச்சு. புள்ளி கோட்டுக்குக் கீழேதான், ஆனா பக்கத்துல. 'ஆளே குட்டி, தலையும் குட்டி. இந்தக் கோடு யாரை வச்சுப் போட்டதுன்னு பாருங்க, எல்லாம் வெளிநாட்டு ஆளுங்க'ன்னார். அப்புறம் படத்தையே வெளிச்சத்துல வச்சு ரொம்ப நேரம் பார்த்துட்டு, தைராய்டும் பி12-உம் பாருங்கன்னு எழுதினார். பி12 அடிமட்டத்துல இருந்துச்சு. ஊசி போட்டு ஆறு மாசம் ஆச்சு. பேத்தி பேரு திரும்ப வந்துருச்சு. பால் மட்டும் இன்னும் பொங்கிட்டுத்தான் இருக்கு, அது மாமா டிபார்ட்மென்ட்.

இதைப் படிச்சுட்டு 'ரிப்போர்ட் எல்லாம் டுபாக்கூர்'னு யாரும் கிளம்பிடாதீங்க, மக்களே. சுருக்கம் உண்மையாவே இருக்கிற பெரியவங்க எத்தனையோ பேர். அவங்களுக்கு அந்தச் சிவப்புப் புள்ளி சரியான எச்சரிக்கை. நான் சொல்றது கோட்டைப் பத்தி மட்டும்.

கோடு மட்டுமில்ல, வரைபடமே வேற ஊருதான். மூளையில 'இந்த இடம்'னு சொல்ல எல்லாருக்கும் பொதுவா ஒரு வரைபடம் வேணும். ரொம்ப நாள் அந்த வரைபடமா இருந்தது, 1988-ல தலைராக், துர்னூ ரெண்டு பேரும் போட்ட அட்லஸ். எத்தனை மூளையை வச்சுப் போட்டாங்கன்னு நினைக்கிறீங்க? ஒண்ணே ஒண்ணு. இறந்து போன அறுபது வயசுப் பெண்ணோட மூளை. அதுவும் சராசரியை விடச் சின்னது. உலகத்துல இருந்த அத்தனை மூளையையும் அந்த அம்மாவோட மூளைக்குள்ள அமுக்கி வச்சாங்க! அப்புறம் கனடாவுல மான்ட்ரியல் நிறுவனம் 305 பேரோட ஸ்கேனை எடுத்து சராசரி மூளை ஒண்ணு செஞ்சது. அது தலைராக் மூளையை விடப் பெருசா வந்துச்சு. அதோட வாரிசுகள்தான் இன்னைக்கும் உலகம் பூரா ஆராய்ச்சியில பொது வரைபடம். நம்ம ஆளு தலையை அதுக்குள்ள பொருத்தணும்னா கம்ப்யூட்டர் இழுத்து நீட்டும். ரெடிமேட் சட்டைக்கு ஏத்த மாதிரி ஆளையே இழுக்கிற வேலை. நீட்ட நீட்ட ஓரத்துல பிசகும்.

சீனாக்காரங்க 2010-லயே தங்களுக்குன்னு ஒரு சராசரி மூளை செஞ்சுக்கிட்டாங்க. நீளம் கம்மி, அகலம் ஜாஸ்தின்னு வந்துச்சு. நம்ம நாட்டுல 2019-ல ஹைதராபாத் ஐ.ஐ.ஐ.டி.யும் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவமனையும் சேர்ந்து நூறு இளவயசுக்காரங்க ஸ்கேன்ல இருந்து ஒரு இந்திய மூளை அட்லஸ் செஞ்சாங்க. நீளம், அகலம், உயரம் மூணுலயும் மேற்கத்திய சராசரியை விடச் சின்னது, சீனா, கொரியாவை விடவும் சின்னது. பத்திரிகைக்காரங்களுக்குக் கேக்கணுமா? 'இந்தியர் மூளை சின்னது'ன்னு தலைப்பு. என் அலுவலகத்துலயே ஒருத்தர் அதைப் படிச்சுட்டு 'அதான் சார் நமக்கு ஒலிம்பிக்ல மெடல் வரலை'ன்னார். மூளைக்கும் மெடலுக்கும் என்ன சம்பந்தம்னு நான் கேக்கலை, கேட்டா அதுக்கும் ஒரு பதில் வச்சிருப்பார்.

அந்த அட்லஸ் செஞ்சவங்க சொன்னது அதுவே இல்லை. அத்தை மாதிரி ஆளுங்களைத் தப்பான கோட்டுல வச்சு அளக்காதீங்க, அளக்க நம்ம கோடு வேணும்ங்கிறதுதான் வேலையோட நோக்கம். 2020-ல பெங்களூரு நிம்ஹான்ஸ் குழுவும் சேர்ந்து ஆறு வயசுல இருந்து அறுபது வயசு வரைக்கும் அஞ்சு வயசுப் பிரிவுக்கு அஞ்சு இந்திய வரைபடம் வெளியிட்டாங்க. அறுபதோட நிக்குது பாருங்க. மறதி நோய் ஆரம்பிக்கிறதே பெரும்பாலும் அதுக்கு அப்புறம்தான். அத்தைக்கு 74. அதுவும் போக 'இந்தியர்'ங்கிறதே ஒரே தெருவா? பஞ்சாப் ஆளும் கரிசக்காட்டு அத்தையும் ஒரே கோட்டுல வருவாங்களா? பஞ்சத்துல பிறந்த தலைமுறையும், ஹார்லிக்ஸ் குடிச்சு வளர்ந்த தலைமுறையும்? என் பையன் என்னை விட அரை அடி உயரம். அவன் அறுபது வயசுல ஸ்கேன் எடுக்கிறப்ப என் காலத்துக் கோடு அவனுக்குப் பொருந்தாது. ஃப்ரான்ஸ் போவாஸ் 1911-லேயே நியூயார்க்ல குடியேறினவங்க பிள்ளைகளை அளந்துட்டு, ஒரே தலைமுறையில தலை வடிவமே மாறுதுய்யான்னு சொன்னார். எவ்வளவு மாறுச்சுங்கிறதுல பின்னாடி சண்டை வந்துச்சு. ஆனா தலை இனத்தோட முத்திரைன்னு நம்பினவங்களுக்கு அது பெரிய அடி.

பொம்பளைங்க தலை விஷயமும் இதே கணக்குதான். பத்தொன்பதாம் நூற்றாண்டுல பாரீஸ் புரோக்கா மூளையை நிறுத்துப் பார்த்து, பெண்களுக்குக் கம்மின்னு எழுதினார். ஆண் மூளை சராசரியா பத்துப் பதினோரு சதவீதம் பெருசுங்கிறது உண்மைதான். உடம்பும் பெருசு. 2016-ல ஹிப்போகேம்பஸ் ஆய்வுகளையெல்லாம் ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க: சும்மா பார்த்தா ஆம்பளைக்குப் பெருசு, தலை அளவைக் கழிச்சா வித்தியாசம் காணாமப் போயிடுது. நூத்தம்பது வருஷத்துப் பேச்சு ஒரு கழித்தல் கணக்குல கரைஞ்சுது.

கடைசியா கொந்தகை. மதுரையில இருந்து பன்னெண்டு கிலோமீட்டர் கீழடி, அதுக்கு ஒட்டின இடுகாடு. ரெண்டாயிரத்தைந்நூறு வருஷத்துக்கு முந்தின தாழிகள். அதுல கிடைச்ச ரெண்டு ஆம்பளை மண்டையோட்டை மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்காரங்க சி.டி. ஸ்கேன் பண்ணி, லிவர்பூல்ல இருக்கிற ஒரு ஆய்வகத்துக்கு அனுப்பி, 2025-ல முகம் வரைஞ்சு வெளியிட்டாங்க. பார்த்திருப்பீங்க. தசை எவ்வளவு, மூக்கு எப்படிங்கிறதை எலும்பு கொஞ்சம் சொல்லும். தோல் நிறத்தையும் கண்ணையும் முடியையும் இன்னைக்கு இருக்கிற தமிழ்நாட்டு மக்களைப் பார்த்துத்தான் போட்டாங்க, அதை மறைக்கவும் இல்லை. படம் வந்த அன்னிக்கு சாயங்காலமே வாட்ஸப்ல ஆரம்பிச்சாச்சு. இவன் எந்த இனம், எங்க இருந்து வந்தான், மூக்கைப் பாரு, நெத்தியைப் பாருன்னு. ஒரு பெரியவர் எனக்கு அனுப்பின ஃபார்வர்டுல 'நம்ம ஆளுங்க ஜாடை' அப்படின்னு சாதிப் பேரையே போட்டிருந்தார். காலிப்பர் இல்லாமலே தர்ஸ்டன் வேலை :(

போன மாசம் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய் தாழிகள் இருக்கிற பக்கமா ரொம்ப நேரம் நின்னேன். சனிக்கிழமை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். ஒரு பொடியன் அந்த முகப் படத்தைத் தன் செல்போன்ல வச்சுக்கிட்டு, பக்கத்துல நின்ன பையன் முகத்தோட வச்சு வச்சுப் பார்த்தான். 'டேய், உங்க மாமா மாதிரியே இருக்காருடா'ன்னான். அவன் உடனே, 'எங்க மாமாவுக்கு மண்டை பெருசுடா, ஹெல்மெட்டே கிடைக்காது'ன்னான்.